வெள்ளீயத்தில் வார்த்த விருதுகள்

இடைக்கால வாழ்க்கையைச் செய்துபார்க்கும் எஸ்.சி.ஏ. என்னும் அமைப்பின் கூடுகைக்கு முதன்முதலாகப் போன நாளில் கழுத்தில் தடித்த பொன் சங்கிலியோடு போய் நின்றேன். ஆடையைத் தைத்து முடிப்பதற்கே முந்தைய இரவு முழுவதும் சரியாக இருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்ற வேண்டும் என்றும் கைப்பேசியை மறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் நினைவில் வைத்திருந்த எனக்கு, எப்போதும் கழுத்தில் கிடக்கும் சங்கிலியைப் பற்றி ஐயம் எழவேயில்லை. பொன் எந்தக் காலத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட்டேன். எஃகுக் கவசம் அணிந்தவர்கள் பிரம்பில் செய்த வாள்களால் மோதிக்கொள்வதை மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, சாம்பல் நிற மேலங்கி அணிந்த மூதாட்டி ஒருவர் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டியபடியே, பதக்கம் எதுவும் கோக்காத பொன் சங்கிலியை இங்கே நைட் பட்டம் பெற்றவர்கள் மட்டுமே அணிவது வழக்கம் என்று யார் காதிலும் விழாமல் சொன்னார். நான் பதறிப்போய்க் கழற்றத் தொடங்கியதும் என் கையைத் தடுத்து, கழற்ற வேண்டியதில்லை, எதையாவது கோத்துக்கொண்டால் போதும் என்று கூறி, தம் மேலங்கியில் குத்தியிருந்த சிறிய வெள்ளீயச் சிப்பி ஒன்றை எடுத்து என் சங்கிலியில் மாட்டிவிட்டார். ஸ்பெயினில் உள்ள சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு நடந்துபோன இடைக்கால யாத்திரிகர்கள் அணிந்த சிப்பியின் வடிவம் அது என்பதும், அதை அவரே கல்லச்சில் வார்த்தார் என்பதும் பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்தன. அந்தச் சிப்பி இன்றும் என்னிடம் இருக்கிறது. நான் வார்ப்பு வேலைக்கு வந்ததும் அதனால்தான்.

சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனகிரானிசம் என்னும் நீண்ட பெயரின் சுருக்கமே எஸ்.சி.ஏ. 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நண்பர்கள் கூடி நடத்திய வாட்போட்டியிலிருந்து தொடங்கிய அமைப்பு இது. அந்த நாளையே முதல் நாளாகக் கொண்டு எங்கள் ஆண்டுக்கணக்கும் ஓடுகிறது. 17-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட உலகின் போர்க்கலை, சமையல், நெசவு, இசை, எழுத்துக்கலை ஆகியவற்றைப் படித்தும் செய்தும் பார்ப்பதே நோக்கம். இன்று 20 இராச்சியங்கள் இருக்கின்றன; ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு டிராகன்வால்ட், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருப்பவர்களுக்கு லோகாக், அமெரிக்காவின் வடகிழக்கில் வாழும் எங்களுக்குக் கிழக்கு இராச்சியம். போட்டியில் வென்றவரும் அவர் யாருக்காகப் போட்டியிட்டாரோ அவரும் அரியணை ஏறுகிறார்கள். பெரும்பாலான இராச்சியங்களில் ஏறத்தாழ ஆறு மாதங்களிலும், மூத்த இராச்சியமான மேற்கில் நான்கு மாதங்களிலும் அந்த ஆட்சி முடிந்துவிடும். வாளால் கிடைக்கும் அரசுரிமைக்கு இவ்வளவு குறுகிய ஆயுள் வைத்தவர்களின் முன்யோசனையை நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

குறுகிய காலமே ஆளும் அந்த அரசர்களின் கையில் உண்மையாகவே இருக்கும் அதிகாரம் ஒன்று உண்டென்றால், அது விருது வழங்குவதுதான். அவற்றின் முதற்படியை அவார்ட் ஆஃப் ஆர்ம்ஸ் என்பார்கள். அதைப் பெற்றவர் 'லார்டு' அல்லது 'லேடி' என்று அழைக்கப்படத் தகுதி பெறுகிறார். அதற்கு மேல் கிராண்ட் என்னும் படியும், அதற்கும் மேல் பேட்டண்ட் என்னும் படியும் இருக்கின்றன. அந்த உச்சிப் படியில் இருப்பவர்களையே பியர்கள் என்கிறோம். போர்க்களத் திறனுக்கு நைட் பட்டம் தரும் ஷிவல்ரி, கலைக்கும் ஆய்வுக்கும் லாரல், சேவைக்குப் பெலிகன், ரேப்பியர் என்னும் மெல்லிய வாளால் செய்யும் போருக்கு 2015-இல் சேர்க்கப்பட்ட டிஃபென்ஸ் ஆகியவை அவற்றுள் பலரும் அறிந்தவை. ஒவ்வொன்றுக்கும் கண்ணால் கண்டதும் புரியும் அடையாளம் உண்டு. நைட்டுகளுக்கு வெள்ளை இடைக்கச்சையும் சங்கிலியும் குதிமுள்ளும். அரசருக்கு உறுதிமொழி செய்ய விரும்பாத வீரர்கள் அதே தகுதியில் மாஸ்டர் ஆஃப் ஆர்ம்ஸ் ஆகித் தோளில் குறுக்காக வெள்ளைப் பட்டை அணிகிறார்கள். லாரலுக்கு இலைமாலை. பெலிகனுக்கு, தன் நெஞ்சைக் கொத்திக் குருதியால் குஞ்சுகளை ஊட்டும் கூழைக்கடாப் பறவை. இடைக்கால ஐரோப்பியர் அந்தப் பறவை அவ்வாறே செய்கிறது என்று நம்பினார்கள். சேவை செய்பவர்களுக்கு இந்தச் சின்னத்தைத் தேர்ந்தவர், எங்கள் கூடுகைகளின் சமையற்கூடத்தில் ஒரு முழுநாள் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இவற்றுக்குக் கீழே, ஒவ்வொரு இராச்சியமும் தானே ஏற்படுத்திக்கொண்ட விருதுக் குழுக்கள் ஏராளம். எங்கள் கிழக்கில் கலைகளுக்கு மான்ச், சேவைக்கு வெள்ளிப் பிறை. மத்திய இராச்சியத்தில் கலைகளுக்கு வில்லோ மரம், சேவைக்கு ஊதா நிறப் பின்னல். மான்ச் என்பது 12, 13-ஆம் நூற்றாண்டுப் பெண்கள் அணிந்த, மணிக்கட்டுக்குக் கீழே நீளமாகத் தொங்கும் சட்டைக்கையின் சித்திரம். விருதுக்குப் பெயர் வைப்பதிலும் கட்டுப்பாடு உண்டு. கார்ட்டர், பொற்கம்பளி, நட்சத்திரம், டிராகன், புனித மைக்கேல் என்று இடைக்காலத்து உண்மையான குழுக்கள் எந்த முறையில் பெயர் பெற்றனவோ, அந்த முறையையே புதிய பெயரும் பின்பற்ற வேண்டும். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு 1348-இல் நிறுவிய கார்ட்டரும், பர்கண்டியின் ஃபிலிப் 1430-இல் நிறுவிய பொற்கம்பளியும் ஒரு பொருளின் பெயரையே தாங்கியிருக்கும்போது, 'சிறந்த தொண்டர் விருது' என்ற பெயரோடு வந்தால் பதிவாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் முதன்முதலில் ஒரு விருது பெற்றதைத் தொலைபேசியில் சொன்னபோது, அம்மா கேட்ட முதற்கேள்வி, "பணம் ஏதாவது தருவாங்களா?" என்பது. பணம் இல்லை, ஒரு பதக்கமும் கையால் எழுதிய பட்டயமும் தருவார்கள் என்றேன். "அந்தக் காலத்து ராசா கணக்கா!" என்று சிரித்தார். அம்மா விளையாட்டாகச் சொன்னது சரியான சொல். விருது என்னும் சொல்லைப் பரிசு என்ற பொருளில் மட்டும் நாம் இன்று பயன்படுத்துகிறோம்; பழைய வழக்கில் பட்டப்பெயரும், அந்தப் பட்டத்தின் அடையாளமாகப் பிடிக்கப்படும் கொடியும் விருதுதான். பழைய சோழ பாண்டியர் காலத்திலேயே, ஏனாதிப் பட்டத்தோடு மோதிரமும் எட்டிப் பட்டத்தோடு பொற்பூவும் வழங்கியவர்கள் நம் அரசர்கள். சங்கப் பாடல்களில் பாணர்கள் பொற்றாமரை சூடுகிறார்கள். மன்னன் கொடுத்த ஒன்றை உடம்பில் அணிந்துகொண்டு ஊருக்குள் நடப்பது என்னும் பழக்கத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் பிரெஞ்சு கற்கத் தேவைப்படவில்லை. அரசவையில் பெயரும் பட்டமும் கூவுகின்ற ஹெரால்டு என்பவரை நான் மனத்துக்குள் கட்டியக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறேன்; இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

ஆனால் எங்கள் குழுவில் கட்டியக்காரரின் வேலை கூவுவதோடு நின்றுவிடுவதில்லை. கேடயச் சின்னங்களையும் பெயர்களையும் ஆய்ந்து பதிவு செய்வதும் அவர்களுடைய பொறுப்பே. யார் வேண்டுமானாலும் தமக்கென ஒரு கேடயச் சின்னத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் அவார்ட் ஆஃப் ஆர்ம்ஸ் கிடைக்கும்வரை அது வெறும் சின்னம் என்றும், கிடைத்த பிறகே முறையான ஆர்ம்ஸ் என்றும் சொல்லப்படும். துணியில் இருக்கும் படம் ஒன்றேயானாலும் பெயர் மாறிவிடுகிறது. நான் முதலில் வரைந்துகொண்டு போனது கருஞ்சிவப்புப் புலத்தில் ஒரு கறுப்பு யானை. ஆலோசனை மேசையில் இருந்த இளைஞர் அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, மைதானத்தின் மறுகோடியில் ஒரு மரத்தைக் காட்டி, இந்த யானையை அங்கே கொடியாகக் கட்டினால் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்பது உடனே விளங்கிவிட்டது. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள். நிறத்தின்மேல் நிறமோ உலோகத்தின்மேல் உலோகமோ வரக்கூடாது. தூசியிலும் கூச்சலிலும் தன் தலைவனைத் தேடும் ஒருவனுக்குத் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்ற தேவைக்குப் பொருந்தி நிற்கும் விதி அது. யானை வெள்ளியாயிற்று.

அதன் பிறகும் வேலை முடியவில்லை. சிவப்பில் வெள்ளி யானையை வேறொருவர் முன்பே பதிந்திருந்தார். ஒரு சின்னம் இன்னொன்றிலிருந்து குறைந்தது இரண்டு தெளிவான மாறுதல்களாவது பெற்றிருக்க வேண்டும் என்பதால், பார்ப்பவரின் இடப்பக்கம் நோக்கி நிற்பதே மரபாக உள்ள யானையை வலப்பக்கம் திருப்பி நிறுத்தினோம்; மேல்விளிம்பில் பொன்பட்டை ஒன்றைச் சேர்த்தோம். இதில் சலித்துக்கொண்ட என்னிடம் அந்த இளைஞர் ஸ்குரோப், குரோவ்னர் வழக்கைச் சொன்னார். 1385-இல் இரண்டாம் ரிச்சர்டின் ஸ்காட்லாந்துப் படையெடுப்பின்போது, நீலப் புலத்தில் குறுக்காகப் பொன்பட்டை என்னும் ஒரே சின்னத்தோடு ரிச்சர்ட் ஸ்குரோப், ராபர்ட் குரோவ்னர் ஆகிய இருவர் வந்து நிற்க, அது யாருடையது என்று முடிவாக 1390 வரை ஆயிற்று. சாட்சி சொன்ன நூற்றுக்கணக்கானவர்களில் கவிஞர் சாசரும் ஒருவர். ஒரு நிறம், ஒரு பட்டை, அவ்வளவுதான் சின்னம். அதற்காக ஐந்து ஆண்டுகள். என் யானையைத் திருப்பி நிறுத்த நான் தயங்கியது வெட்கமாகத் தோன்றியது.

பெயரைப் பதிவு செய்வதற்கு, அப்பெயர் நம் காலவரைக்குள் உண்மையாக வழங்கியது என்று சான்று காட்ட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் கோயில் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைப் பொறித்து வைத்த ராஜராஜனின் கல்வெட்டைவிடச் சிறந்த சான்றை நான் எங்கே தேடுவேன்? 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருத்தி எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தாள் என்பதுவரை சொல்லும் கல்வெட்டு அது. அங்கிருந்து எடுத்த பெயரைத்தான் தாங்கியிருக்கிறேன். அதில் ழகரம் வருகிறது. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

கேடயச் சின்னத்துக்கும் பேட்ஜுக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் புரிந்தது மிகவும் தாமதமாகத்தான். அது புரிந்த பிறகு விருதுகளை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. கேடயத்தில் இருப்பது 'இவர்தான் அவர்' என்று சொல்லும். ஆகவே இன்னொருவருடைய கேடயச் சின்னத்தை அணிவது, அவருடைய கையெழுத்தைப் போடுவதற்கு நிகரான குற்றம். பேட்ஜ் அப்படியில்லை, அது 'இவர் இன்னாரைச் சேர்ந்தவர்' என்று சொல்லும். தலைவனுடைய பேட்ஜை அவனுடைய ஆட்கள் அணிவார்கள். அவனுடைய பெட்டியிலும் தட்டிலும் குதிரையின் சேணத்திலும் அது இருக்கும். இரண்டாம் ரிச்சர்டின் பேட்ஜ் கழுத்தில் கிரீடமும் சங்கிலியும் கொண்ட வெண்மான். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் வில்ட்டன் இரட்டைப் பலகை ஓவியத்தில், மேரியைச் சூழ்ந்து நிற்கும் 11 தேவதூதர்களும் தம் நீல உடையில் அந்த வெண்மானைக் குத்தியிருக்கிறார்கள். வானுலகமே தன் கட்சி என்று சொல்ல அந்த அரசனுக்கு ஒரு பேட்ஜ் போதுமானதாக இருந்தது. மூன்றாம் ரிச்சர்டு 1483-இல் தன் மகனுக்கு யார்க் நகரில் பட்டம் சூட்டியபோது, மலிவான ஃபஸ்டியன் துணியில் வெள்ளைக் காட்டுப்பன்றி பேட்ஜுகள் 13,000 செய்யச் சொன்னான். அவன் விழுந்த பாஸ்வொர்த் போர்க்களத்தில், வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய அதே பன்றி ஒன்று 2009-இல் கிடைத்தது. துணியில் 13,000 பேர் அணிந்த பன்றியும் வெள்ளியில் ஒரு பிரபு அணிந்த பன்றியும் சொன்ன செய்தி ஒன்றே. அணிந்தவனின் செல்வநிலைதான் வேறு. 1965-இல் டன்ஸ்டபிளில் மண்ணிலிருந்து எடுத்த, வெள்ளை எனாமல் பூசிய மூன்று சென்டிமீட்டர் உயரப் பொன் அன்னத்தை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். அதன் கழுத்திலும் ஒரு கிரீடம். அதிலிருந்து தொங்கும் சங்கிலி. அதை அணிந்தவர் பெரிய செல்வராக இருந்திருப்பார். ஆனாலும் அது அவரை இன்னொருவரின் ஆள் என்றே சொல்லியிருக்கும்.

பேட்ஜ் அணிந்த ஆட்கள் தலைவனின் செல்வாக்கை நம்பி நீதிமன்றங்களில் அடாவடி செய்ததும், அதனால் யார் யாருக்குப் பேட்ஜ் கொடுக்கலாம் என்று 1390-இலும் அதன் பின்னரும் சட்டங்கள் வந்ததும் தனிக் கதை. இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான். மான்ச் விருது பெற்றவர் அணியும் பதக்கத்தில் இருப்பது அவருடைய சின்னம் அன்று; கிழக்கு இராச்சியத்தின் பெயரில் பதிவான பேட்ஜ். அதை அணிகிறவர் 'நான் வென்றேன்' என்று சொல்வதாகத்தான் நான் முதலில் நினைத்திருந்தேன். இடைக்காலத்தவர் ஒருவர் அதைப் பார்த்தால், 'நான் இந்தக் கூட்டத்தின் ஆள், என்னிடம் வேலை சொல்லலாம்' என்றுதான் படிப்பார். எங்கள் கூடுகைகளில் நடப்பதும் பெரும்பாலும் அதுவே. லாரல் மாலை அணிந்த ஒருவரிடம் முன்பின் தெரியாதவர்கூடப் போய், இந்தத் தையல் ஏன் பிரிகிறது என்று கேட்கலாம். கேட்கப்பட்டவர் தம் உணவுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தையலைப் பார்க்க வேண்டும்.

இனி வார்ப்பு. மூதாட்டியின் சிப்பியைப் பார்த்து ஆசைப்பட்டு, அவரிடமே ஒரு குளிர்காலம் முழுவதும் கற்றுக்கொண்டேன். அச்சு செய்ய மாக்கல் வேண்டும். கத்தியால் சீவும் அளவுக்கு மென்மையும் சூட்டைத் தாங்கும் குணமும் அதற்கு உண்டு. இரண்டு கல் துண்டுகளை ஒன்றோடொன்று தேய்த்து, இடையில் ஒளி தெரியாதவாறு பொருந்தச் செய்வதே வேலையில் பாதி. பிறகு ஒரு முகத்தில் உருவத்தைக் குழிவாகச் செதுக்கி, உலோகம் இறங்க மேலே புனல் போன்ற வாயும், காற்று வெளியேற மயிரிழை போன்ற கீறல்களும் வெட்ட வேண்டும். காற்றுக்கு வழி வைக்காவிட்டால் பிறையின் கூர்நுனி வரை உலோகம் போகாது. மொட்டையான பிறைதான் கிடைக்கும். இடைக்கால யாத்திரிகர்களின் மலிவான பேட்ஜுகளில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருக்கும். நாங்கள் காரீயத்தைத் தவிர்த்து, வெள்ளீயத்தில் சிறிதளவு ஆன்டிமனியும் செம்பும் சேர்ந்த கலவையைப் பயன்படுத்துகிறோம். தூய வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதால் சிறிய அடுப்பே போதும். கல்லையும் முன்கூட்டியே சூடாக்க வேண்டும். குளிர்ந்த அச்சில் ஊற்றினால் உலோகம் பாதி வழியில் உறைந்துவிடும், அதிகச் சூடான அச்சில் ஊற்றினால் உறையவே நேரம் ஆகும். முதல் நாலைந்து வார்ப்புகள் எப்போதும் வீணாகும். அவற்றை உடைத்து மீண்டும் கலத்திலேயே போட்டுவிடலாம் என்பதுதான் இந்த உலோகத்தின் பெருந்தன்மை.

மான்ச் பதக்கத்துக்கு நான் முதன்முதலில் அச்சு செதுக்கியபோது, இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டு மடிப்பு மடிப்பாகச் சட்டைக்கையை வெட்டினேன். இருபது பதக்கங்களை வார்த்து, விளிம்பு ராவி, மெருகேற்றி, துணியில் வரிசையாக அடுக்கிய பிறகுதான் எல்லாச் சட்டைக்கைகளும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. அச்சில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பதை மூதாட்டி மூன்று முறையாவது சொல்லியிருப்பார். அவர் அவற்றைப் பார்த்து எதுவும் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைத்தார். இருபதையும் என் கையாலேயே கலத்தில் போட்டேன். ஒவ்வொன்றும் விளிம்பில் பளபளத்து, சரிந்து, ஒரு சொட்டாகிக் கலந்தது. ஒன்றை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டேன் என்பதை அவர் அறிவார் என்றே நினைக்கிறேன்.

நாங்கள் வார்க்கும் பதக்கங்கள் இராச்சியத்தின் பெட்டிக்குப் போகின்றன. அரசரும் அரசியும் அதிலிருந்து எடுத்து வழங்குகிறார்கள். எது யாருக்குப் போகிறது என்பது வார்த்தவருக்குத் தெரியாது. ஆனால் பியர்களின் பதக்கங்களுக்கு வேறொரு பழக்கம் உண்டு. தாம் அணிந்து தேய்ந்த பதக்கத்தைப் புதிதாகப் பட்டம் பெறும் ஒருவருக்குக் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவரும் சில ஆண்டுகள் அணிந்துவிட்டு இன்னொருவருக்குக் கொடுப்பார். பின்புறத்தில் முன்னவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட ஒரு பெலிகன் பதக்கத்தின் வளையத்தைச் சரிசெய்யும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. பறவையின் அலகு முழுவதுமாகத் தேய்ந்திருந்தது. அலகையும் புதுப்பிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

விருது பெறும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழ்ப்படிகளில் இருக்கும் விருதுகள் பெறுபவருக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்படுவதில்லை. (பியர்களுக்கு மட்டும் முன்பே அழைப்பு வரும், பட்டம் ஏற்பதற்கு முன் ஒரு கூடாரத்தில் அமர்ந்து, ஒவ்வொருவராக வந்து சொல்லும் அறிவுரைகளைக் கேட்கும் விழிப்புச் சடங்கும் உண்டு.) அன்று மாலை அரசவை கூடியபோது நான் பின்வரிசையில் அமர்ந்து, காலணி கடித்த குதிகாலைத் தடவிக்கொண்டிருந்தேன். கட்டியக்காரர் ஒரு பெயரை அழைத்தார். யாரும் எழவில்லை. மீண்டும் அழைத்தார். அந்தப் பெயரின் நடுவில் நாக்கை மடித்து, சற்றுத் தடுமாறி, ஆனால் தெளிவாக ஒரு ழகரம் ஒலித்தது. அமெரிக்காவுக்கு வந்த நாளிலிருந்து அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டிராத எழுத்து அது. என்னைத்தான் அழைக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள மூன்றாம் அழைப்பு தேவைப்பட்டது. எனக்குத் தெரியாமல் என் கணவரைப் பிடித்து, அந்த ஓர் எழுத்தைப் பலமுறை சொல்லிக் காட்டச் செய்து, ஒலிப்பதிவு செய்துகொண்டு, கட்டியக்காரர் வாரக்கணக்கில் பழகியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. மண்டியிட்ட என் கழுத்தில் அரசி அணிவித்த பதக்கத்தைவிட, கையால் எழுதி ஓரங்களில் கொடிப்பின்னல் வரைந்து பொன்தாள் ஒட்டிய அந்தப் பட்டயத்தைவிட, எனக்கு அந்த ழகரம்தான் விருதாக இருந்தது. பட்டயம் எழுதியவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

இத்தனையும் சொன்ன பிறகு, குறைகளைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. விருதுகளை எங்களிடையே கேலியாகக் 'குக்கீ' என்பார்கள். குக்கீக்காக மட்டும் உழைப்பவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிப்பது எளிது, அரசரும் அரசியும் பார்க்கும் நேரத்தில் மட்டும் நாற்காலிகளை எடுத்து அடுக்குவார்கள். விருதுகளின் எண்ணிக்கையும் அளவுக்கு மீறிவிட்டது என்பது என் கருத்து. கழுத்தில் ஏழெட்டுப் பதக்கங்களை ஒன்றாக மாட்டிக்கொண்டு சிலர் நடந்துவரும்போது காளை வருவதுபோல் முன்பே ஓசை கேட்கிறது. தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்ற விதியை இப்படியும் காப்பாற்றலாம்போலும். இதைவிட வருத்தமானது, பதினைந்து ஆண்டுகளாகப் பணியாற்றியும் எதுவும் பெறாமல், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வருவதை நிறுத்திவிடுபவர்களின் கதை. அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று பிறகு விசாரித்தபோது, முன்பே கிடைத்திருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஏனெனில் அரசருக்கும் அரசிக்கும் ஞானதிருஷ்டி கிடையாது. ஆறு மாதங்கள் மட்டும் ஆளும் அவர்களுக்கு, பல மாநிலங்களில் பரந்து கிடக்கும் மக்களில் யார் என்ன செய்கிறார் என்பது, யாராவது எழுதினால்தான் தெரியும். எழுதுவதற்குத் தகுதி எதுவும் தேவையில்லை. நேற்று வந்தவரும் எழுதலாம். சில குழுக்களில் ஏற்கெனவே இருப்பவர்களிடம் கருத்துக் கேட்ட பிறகே அரசர் முடிவெடுப்பார் என்றாலும், அங்கும் முதலில் ஒரு கடிதம் வர வேண்டும். எனக்காக எழுதியவர்கள் யார் என்று இன்றுவரை எனக்கு முழுமையாகத் தெரியாது. அந்த மூதாட்டி எழுதியிருப்பார் என்று ஊகிக்கிறேன்; கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

எனவே இப்போது நானும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் விருந்துகளில் பாத்திரம் கழுவும் ஒருவரைப் பற்றியது அது. நல்லவர், உழைப்பாளி என்று எழுதினால் பயனில்லை; அப்படி நூறு கடிதங்கள் அவர்களுக்கு வரும். எந்தக் கூடுகையில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன செய்தார் என்று எழுத வேண்டும். சென்ற இலையுதிர்கால விருந்தில் 90 பேர் சாப்பிட்டார்கள். கடைசி அண்டாவை அவர் கவிழ்த்து வைத்தபோது நேரம் இரவு 11.40. அரசவை நடந்ததை அவர் பார்க்கவேயில்லை, ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு இடையில் போய் எச்சில் குவளைகளைச் சேகரித்தார். சமையற்கூடத்துக்குப் புதிதாக வந்த சிறுவன் ஒருவனுக்கு, இரும்புச் சட்டியைச் சோப்புப் போடாமல் எப்படித் துலக்குவது என்று சொல்லிக்கொடுத்தார். இவற்றை எழுதிவிட்டேன்.

கடைசியில், பெயரை எப்படி ஒலிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவது நல்லது. அவர் வைத்திருப்பது பழைய ஐஸ்லாந்து வழக்குப் பெயர். எழுத்தைப் பார்த்து நான் சொல்லும் விதம் நிச்சயம் தவறு. கூடுகைகளில் எல்லோரும் அவரைச் சுருக்கியே கூப்பிடுகிறோம். அவருக்குத் தெரியாமல் அவருடைய மனைவியிடம் கேட்டிருக்கிறேன். மெதுவாகச் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அது வந்ததும் கடிதம் போகும்.